மேலாளர் விடைபெறும்போது: அரைப் பக்கத் தாள் போதுமா?

இரவு பதினொரு மணிக்குக் கல்லாவை மூடிக் கணக்குப் பார்த்த பிறகுதான் உணவகங்களில் இத்தகைய பேச்சுகள் தொடங்கும். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று முதலாளி நேராகச் சொல்வது அரிது. கணக்காளர் ஒரு தாளை நீட்டுவார். "எனக்குச் சேர வேண்டிய தொகை அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி நிறுவனத்தின் மீது எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, நீதிமன்றத்துக்கோ வேறெந்த அலுவலகத்துக்கோ செல்ல மாட்டேன்" என்று அதில் மூன்று நான்கு வரிகள் இருக்கும். அடியில் ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். அதன் மேல் கையெழுத்து. எட்டு, பத்து ஆண்டு உழைப்பு அந்த அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

அந்தத் தாள் மேலாளரைக் காப்பதில்லை என்பது வெளிப்படை. முதலாளியையும் அது காப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. 'செட்டில்மென்ட்' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் பணிப்பிரிவு ஒப்பந்தம் இந்தியச் சட்டத்தின் முன் நிற்க வேண்டுமானால் அதில் என்னென்ன இருக்க வேண்டும், எவை இருக்கக் கூடாது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

பெயர்ப் பலகை முடிவு செய்வதில்லை

ஒப்பந்தத்தை எழுதத் தொடங்கும் முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விடைபெறுபவர் சட்டத்தின் பார்வையில் 'தொழிலாளரா', நிர்வாகியா? 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரையும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவரையும் தொழிலாளர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, காரணமின்றி வேலையிலிருந்து அனுப்புவதற்கு எதிரான பாதுகாப்பை அளிக்கிறது. ஆனால் நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது.

இதன் விளைவு கடுமையானது. தொழிலாளர் என்றால், ஆட்குறைப்பின்போது ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் சட்டப்படியே கிடைக்கும். நிர்வாகி என்றால், நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனாலும் மீண்டும் வேலையில் சேர்க்கும்படி உத்தரவு கிடைக்காது. பெரும்பாலும் முன்னறிவிப்புக் கால ஊதியத்தின் அளவுக்கு இழப்பீடு கிடைக்கலாம். இருபது பேரை வேலை வாங்கிய மேலாளருக்கு, அந்த இருபது பேருக்கும் இருக்கும் பாதுகாப்பு இல்லை. அவருக்குப் பணிப்பிரிவு ஒப்பந்தம் முக்கியமாவது இதனால்தான்.

ஆனால், நிர்வாகி யார் என்பதைச் சட்டையில் குத்திய பெயர்ப் பலகை முடிவு செய்வதில்லை. ஒருவர் அன்றாடம் முதன்மையாகச் செய்யும் வேலை எது என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கரோனா சாகு காலணி நிறுவன வழக்கில் (1994), ஒரு கடையின் முழுப் பொறுப்பையும் வகித்த மேலாளர் தொழிலாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கடையை நடத்தும் பொறுப்பு அவரிடம் இருந்தது. எழுத்து வேலையையும் அவர் செய்தார் என்பது அதை மாற்றவில்லை. இதை மறுபக்கமிருந்தும் படிக்க வேண்டும். நம் ஊர் உணவகங்கள் பலவற்றில் 'மேனேஜர்' என்று அழைக்கப்படுபவர் கல்லாவில் அமர்ந்து பில் போடுகிறார். கூட்டம் மிகுந்தால் மேசை துடைக்கிறார். ஒரு சமையலரை நியமிக்கவோ ஒரு நாள் விடுப்புக்கு ஒப்புதல் தரவோ அவருக்கு அதிகாரமில்லை. அப்படிப்பட்டவரை நிர்வாகி என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது நீதிமன்றத்தில் எடுபடாது. எனவே, ஒப்பந்தத்தின் முன்னுரையில் அவர் உண்மையில் என்ன வேலை செய்தார், யாரை நியமிக்கும் அதிகாரம் இருந்தது, எவ்வளவு தொகைவரை செலவுக்கு ஒப்புதல் தரலாம் என்பன போன்ற விவரங்கள் இரண்டு வரியிலாவது இடம்பெற வேண்டும். ஐயம் இருந்தால், தொழிலாளருக்குரிய தொகையைக் கணக்கிட்டு, அதற்குக் குறையாமல் கொடுத்துவிடுவதே முதலாளிக்குப் பாதுகாப்பு.

'தாமாக முன்வந்து ராஜினாமா செய்கிறேன்' என்ற சொற்றொடரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தாமாக விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்பதால்தான் முதலாளிகளுக்கு அந்தச் சொற்கள் பிடிக்கின்றன. கிளையை மூடுவதால் அனுப்பப்படும் ஒருவரின் ராஜினாமாக் கடிதத்தை நிறுவனமே தட்டச்சு செய்து வைத்திருந்தால், அது ராஜினாமா அல்ல என்று நிறுவுவது கடினமன்று. "கிளை மூடப்படுவதை முன்னிட்டு, இருதரப்பும் பேசி இணங்கியதன் பேரில் பணி முடிவுக்கு வருகிறது" என்று உண்மையை எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது.

சேர வேண்டியதும் கொடுக்க விரும்புவதும்

அரைப் பக்கத் தாளின் அடிப்படைக் கோளாறு, சட்டப்படி ஏற்கெனவே தர வேண்டிய தொகையையே உரிமைகளை விட்டுக்கொடுப்பதற்கான விலையாகக் காட்டுவது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரதிபலன் இல்லாத உடன்படிக்கையைப் பொதுவாக ஏற்பதில்லை. ஒருவருக்குத் தர வேண்டிய கடனைத் தருவது புதிய வாக்குறுதிக்குப் பிரதிபலன் ஆகாது. பாக்கிச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் கொடுத்துவிட்டு, 'இதற்கு ஈடாக நீ வழக்குத் தொடர மாட்டாய்' என்றால், அந்த வாக்குறுதி எதன்மீது நிற்கிறது?

ஆகவே நல்ல ஒப்பந்தத்தில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். முதலாவதில் சட்டப்படி சேர வேண்டியவை: வேலை செய்த நாள்வரையிலான ஊதியம், பணிக்கொடை, எடுக்காத ஈட்டிய விடுப்புக்கான பணம், உரிய போனஸ், முன்னறிவிப்புக் காலத்துக்கான ஊதியம். இரண்டாவதில் நிறுவனம் கூடுதலாகத் தர முன்வரும் கருணைத் தொகை. உரிமைகோரல்களைக் கைவிடுவதற்கான உறுதிமொழி இந்த இரண்டாவது அட்டவணையோடு மட்டுமே பிணைக்கப்பட வேண்டும். இரண்டையும் கலந்து 'மொத்தமாக 2 லட்சம்' என்று எழுதினால், நாளை தகராறு வரும்போது எது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

காலக்கெடுவும் இந்தப் பிரிவினையைக் கட்டாயமாக்குகிறது. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும் விலகினாலும் பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். பழைய ஊதியச் சட்டத்தில் இருந்த சம்பள வரம்பு இதில் இல்லை. 'பணியாளர்' என்ற சொல் மேற்பார்வையாளரையும் நிர்வாகியையும் உள்ளடக்குகிறது. அதாவது, நிர்வாகி என்பதால் மற்ற பாதுகாப்புகளை இழந்த மேலாளருக்கும் இந்த இரண்டு நாள் கெடு உண்டு. பணிக்கொடைக்கு முப்பது நாள். கருணைத் தொகையைத் தவணையாகத் தர இணங்கலாம். ஊதியத்தைத் தவணையாக்க முடியாது. ஊதியத்தையோ போனஸையோ விட்டுக்கொடுப்பதாக எழுதும் உடன்படிக்கை செல்லாது என்று அதே சட்டம் தனிப் பிரிவாகவே சொல்கிறது.

பணிக்கொடைக் கணக்கில் ஒரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. ஒருவரின் மொத்தச் சம்பளம் 40,000 ரூபாய். அதில் அடிப்படை ஊதியம் 14,000, மீதி 26,000 வீட்டு வாடகை, பயணம் முதலான படிகள் என்று வைத்துக்கொள்வோம். பணிக்காலம் 9 ஆண்டு 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி ஓர் ஆண்டாகக் கொள்ளப்படுவதால் 10 ஆண்டு. கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பழைய முறையில் 14,000 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 80,769 ரூபாய். புதிய தொகுப்புச் சட்டங்களில், விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். இங்கே 6,000 ரூபாய் தாண்டுகிறது. எனவே ஊதியம் 20,000 ஆகிறது. பணிக்கொடை சுமார் 1,15,385 ரூபாய். அடிப்படை ஊதியத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டி வைத்திருக்கும் உணவகங்கள் பழைய வாய்ப்பாட்டைக் கொண்டு கணக்கு முடித்தால், கையெழுத்து வாங்கிய பிறகும் வித்தியாசத் தொகைக்குப் பொறுப்பாகவே இருக்கும்.

பணிக்கொடையைப் பிடித்துவைப்பது பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்த செயலுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டால், அந்தச் சேதத்தின் அளவுக்கு அதைக் குறைக்கலாம். இணக்கமாகப் பிரிகிறோம் என்று எழுதிவிட்டு, 'சரக்குக் கையிருப்பு குறைந்தது' என்று பணிக்கொடையில் கைவைக்க வழியில்லை. ஊதியத்தில் பிடிப்பதற்கும், இழப்பு அவரது கவனக்குறைவால் நேர்ந்தது என்பதைக் காட்டி, விளக்கம் சொல்ல வாய்ப்பளித்திருக்க வேண்டும். கையெழுத்துக்கு முந்தைய நாள் இருவரும் சேர்ந்து குளிர்பதன அறையையும் மளிகை இருப்பையும் கல்லாவையும் எண்ணி, அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் பாதிச் சண்டை அப்போதே தீர்ந்துவிடும்.

'நீதிமன்றம் செல்ல மாட்டேன்'

ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவர் தம் உரிமைக்காகச் சட்டத்தை நாடுவதை முற்றிலும் தடுக்கும் உடன்படிக்கையைச் செல்லாததாக்குகிறது. அப்படியானால் சமரசமே செய்துகொள்ள முடியாதா? முடியும். எதிர்காலத்தில் எதற்கும் நீதிமன்றம் போகக் கூடாது என்பது வேறு. இன்ன தகராறு இருந்தது, இன்ன தொகை பெற்றுக்கொண்டதால் அது தீர்ந்தது என்பது வேறு. "முன்னறிவிப்பின்றிப் பணி முடிக்கப்பட்டது, 2025ஆம் ஆண்டுக்கான ஊக்கத்தொகை தரப்படவில்லை ஆகிய இரு கோரிக்கைகளும், இரண்டாம் அட்டவணையில் கண்ட தொகை என் வங்கிக் கணக்கில் வரவான நாளில் முழுமையாகத் தீர்ந்ததாக ஏற்கிறேன்" என்று எழுதினால் அது நிற்கும். தொகை வந்து சேர்ந்த பிறகே விடுவிப்பு நடைமுறைக்கு வரும் என்ற சொற்கள் அதில் இருப்பதைக் கவனிக்கவும். அரைப் பக்கத் தாளில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிய பிறகுதான் காசோலையே எழுதப்படும்.

முழுத் தீர்வு ரசீது கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியன்று. போகாரா பாலிஃபேப் வழக்கில் (2008), மோசடியாலோ நிர்பந்தத்தாலோ பெறப்பட்ட இத்தகைய ரசீது தகராறை மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது காப்பீட்டுத் தொகை பற்றிய வழக்கு என்றாலும், அதன் தர்க்கம் வேலை உறவில் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். மேலாளரின் அசல் கல்விச் சான்றிதழையோ, வேலையில் சேர்ந்தபோது வாங்கிய வெற்றுக் காசோலையையோ கையில் வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கும் முதலாளி, நிர்பந்தத்துக்கான சாட்சியத்தைத் தாமே உருவாக்கித் தருகிறார். அவற்றைக் கையெழுத்துக்கு முன்பே திருப்பித் தந்து, திருப்பித் தந்ததை ஒப்பந்தத்தில் எண்ணோடு குறிக்க வேண்டும்.

குற்றச் செயல் குறித்துப் புகார் அளிக்கக் கூடாது என்றோ, பாலியல் தொல்லை பற்றி உள்ளகப் புகார்க் குழுவிடம் போகக் கூடாது என்றோ, உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்டால் வாய் திறக்கக் கூடாது என்றோ எழுதுவது வீண். அது பொதுக் கொள்கைக்கு எதிரானது. பாலியல் தொல்லைப் புகாரில் சமரசம் செய்தாலும் அது பணத்தை அடிப்படையாகக் கொண்டிருக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

உரிமத்தில் இருக்கும் பெயர்

மற்றத் தொழில்களின் ஒப்பந்த மாதிரியை எடுத்து உணவகத்துக்குப் பயன்படுத்துபவர்கள் தவறவிடும் இடம் இது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006, நிறுவனம் தன் ஒவ்வொரு கிளைக்கும் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரை எழுத்துமூலம் நியமிக்க இடம் தருகிறது. அப்படி நியமிக்கப்பட்டவரே அந்தக் கிளையில் நேரும் மீறல்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பல கிளைகள் கொண்ட உணவகங்களில் அந்தப் பெயர் பெரும்பாலும் கிளை மேலாளருடையது. அவர் மார்ச்சில் விலகுகிறார்; ஆவணத்தில் பெயர் மாறவில்லை; ஜூனில் எடுக்கப்பட்ட மாதிரி பாதுகாப்பற்றது என்று முடிவு வருகிறது. அழைப்பாணை யார் வீட்டுக்குப் போகும்?

எனவே, கடைசிப் பணி நாளிலிருந்து குறிப்பிட்ட நாள்களுக்குள் நியமனத்தை ரத்து செய்து, புதியவரின் பெயரைப் பதிந்து, அதன் நகலை விலகுபவருக்குத் தருவதாக நிறுவனம் உறுதியளிக்க வேண்டும். விலகிய நாளுக்குப் பிந்தைய மீறல்களால் அவருக்கு நேரும் வழக்குச் செலவையும் அபராதத்தையும் நிறுவனம் ஏற்கும் என்ற ஈட்டுறுதி வாசகமும் தேவை. அவர் பணியில் இருந்த காலத்தைப் பற்றிப் பின்னர் வழக்கு வந்தால், தற்காப்புக்கு வேண்டிய கொள்முதல் ரசீதுகளையும் வெப்பநிலைப் பதிவேடுகளையும் பார்வையிட நிறுவனம் அனுமதிக்கும் என்பதையும் சேர்க்கலாம். என் பார்வையில், கருணைத் தொகையில் பத்தாயிரம் கூடுதலாகக் கேட்டுப் பேரம் பேசுவதைவிட இந்த மூன்று வரிகளைக் கேட்டு வாங்குவது மேலாளருக்குப் பயன் தரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்விக்கி, சொமேட்டோ கணக்குகளின் கடவுச்சொல் மாற்றம் மேலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். யுபிஐ அறிவிப்பு ஒலிப்பான், ஜிஎஸ்டி உள்நுழைவு, வணிக எரிவாயு உருளை முன்பதிவு, காய்கறி மண்டியில் கடன் கணக்கு என எல்லாமே அவர் எண்ணிலும் பெயரிலும் இருக்கும். இவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, மாற்றித் தருவதற்கான நாளைக் குறிப்பது நிறுவனத்தின் நியாயமான கோரிக்கை. மண்டிக்காரர் நாளை மேலாளரைத் தேடி வந்து பாக்கி கேட்காதிருக்க, அவர்களுக்கு எழுத்துமூலம் தகவல் தருவது நிறுவனத்தின் கடமை.

எதிர்க் கடையில் சேரலாமா?

வேலை முடிந்த பிறகு இன்ன ஊரில், இத்தனை ஆண்டு வேறு உணவகத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடையை உச்ச நீதிமன்றம் 1967இல் செஞ்சுரி நூற்பாலை வழக்கில் ஏற்றது. வேலை முடிந்த பிந்தைய காலத்துக்கு அதை நீட்டிக்க 1980இல் சூப்பரின்டென்டென்ஸ் நிறுவன வழக்கில் இசையவில்லை. மேலைநாட்டு மாதிரிகளிலிருந்து படியெடுத்து 'இரண்டு ஆண்டு, ஐந்து கிலோமீட்டர்' என்று எழுதுவது பயமுறுத்தத்தான் உதவும்.

முதலாளியின் அச்சம் பொய்யானதல்ல. மேலாளர் போனால் பரோட்டா மாஸ்டரும் தந்தூரி மாஸ்டரும் பின்னாலேயே போய்விடுவது இத்தொழிலில் அன்றாடக் காட்சி. மசாலாக் கலவையின் விகிதம், கொள்முதல் விலை, பெருவிருந்து வாடிக்கையாளர்களின் பட்டியல் ஆகியவற்றை வெளியிடக் கூடாது என்ற இரகசியக் காப்பு நிபந்தனை, எவை இரகசியம் என்று குறிப்பாகச் சொன்னால் நிற்கும். 'நிறுவனத்தின் அனைத்துத் தகவல்களும்' என்று எழுதினால் எதையும் காக்காது. சாம்பார் வைக்கத் தெரிந்திருப்பது ஒருவரின் தொழில்திறன். அதைப் பூட்டிவைக்க முடியாது. ஊழியர்களை அழைத்துச் செல்லக் கூடாது என்பதைக் குறுகிய காலத்துக்கு, அவரே முன்வந்து தூண்டுவதற்கு எதிராக மட்டும் எழுதுவது நல்லது. அந்த மாஸ்டர் தாமாக விளம்பரம் பார்த்துப் போனால் அது மீறல் ஆகாது. உண்மையிலேயே ஒருவர் மூன்று மாதம் ஒதுங்கியிருக்க வேண்டுமென்றால், அந்த மூன்று மாதமும் அவரைச் சம்பளப் பட்டியலில் வைத்து, வேலைக்கு வராமல் இருக்கச் சொல்வதே நேரான வழி.

வரி பற்றிச் சுருக்கமாக: தனியார் துறையில் பணிக்கொடைக்கு 20 லட்சம், விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் என்ற உச்சவரம்புகளுக்குள் வருமான வரி விலக்கு உண்டு. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கான 5 லட்சம் ரூபாய் விலக்கு தொழிலாளருக்கு உரியது. நிர்வாகிக்குத் தரும் கருணைத் தொகை சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும் என்பதால், ஒப்பந்தத்தில் எழுதும் தொகை வரிக்கு முந்தையதா பிந்தையதா என்று சொல்லிவிட வேண்டும். வருங்கால வைப்பு நிதியைப் பாக்கிக்கு ஈடாகப் பிடிக்க முடியாது; வைப்பு நிதி இணையதளத்தில் விலகிய தேதியைப் பதிவதாக ஒரு வரி எழுதினால் போதும். பணி அனுபவச் சான்றிதழையும் விடுவிப்புக் கடிதத்தையும் மாதிரி வாசகத்தோடு இணைப்பாக வைப்பது வழக்கமாக வேண்டும். இவற்றைப் பிறகு தருகிறோம் என்று சொல்லி அலையவிடுவதுதான் இப்போது நடக்கிறது.

இனி, கையெழுத்து. முத்திரைத்தாளின் மதிப்பு உயர்ந்தால் ஒப்பந்தத்தின் வலிமையும் உயரும் என்பது மூடநம்பிக்கை. கையெழுத்திடுபவருக்குப் புரிந்த மொழியில் இருப்பது அதைவிட முக்கியம். தமிழில் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைப்போலவே செல்லும். வரைவைக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன் கையில் கொடுத்து, வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ கலந்தாலோசிக்கலாம் என்று எழுத்தில் சொல்லி, வரைவு கொடுத்த தேதியையும் கையெழுத்திட்ட தேதியையும் தனித்தனியே ஒப்பந்தத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பின் கையொப்பம், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரையாவது கொண்ட சாட்சிகள், மேலாளரின் கையில் ஓர் அசல் பிரதி ஆகியவை வேண்டும். பணத்தை வங்கி வழியாகச் செலுத்தி, பரிமாற்ற எண்ணை ஒப்பந்தத்தின் அடியில் எழுதலாம். இதையெல்லாம் செய்ய இரவு பதினொரு மணி உகந்த நேரமல்ல. காலைச் சிற்றுண்டிக் கூட்டம் குறைந்த பிறகு, பதினோரு மணி வாக்கில் உட்காரலாம்.